ஒரு கிலோ முந்நூற்று அறுபது கிராம்

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் சீசா என்கிற பகுதியில், எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி எனக்கு, நாலாம் மாடி ஜோக்கிமுக்கு. இருபத்திரண்டு வருடமாக அவன் கதிரை இழுக்கிற சத்தம் என் தலைக்கு மேலேதான். நான் படி கழுவுகிறவன். பலெர்மோவில் ஏழு கட்டடங்களின் படிகள் என் பொறுப்பு. அவனுக்கு வேறு மாதிரி வேலை. பக்கத்து ஊரான பகேரியாவுக்கு மேலே, மலை அடிவாரத்தில் இருக்கிற துப்பாக்கி சுடும் திடலில் அவன் காவலாளி. கூட்டுவதும் அவன், இலக்கு அட்டைகளைப் பார்ப்பதும் அவன், சுட்ட குண்டுகளின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்குவதும் அவன். போன ஐப்பசியில் அவன் தன் சொந்த மகளையே போட்டியிலிருந்து தள்ளிவிட்டான் என்று எங்கள் ஆட்கள் கோயிலிலும் கடையிலும் பஸ்ஸிலும் கதைக்கிறார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. அன்றைக்குப் பக்கத்தில் நின்றவன் நான். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். ஜோக்கிமிடம் கேட்டேன். எழுதுங்கள் என்றான்.

ஜோக்கிம் மன்னார்த் தீவு, பேசாலை ஆள். வயது ஐம்பத்தெட்டு. ஊரில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிற பட்டறையில் தொழில் பழகியவன். கையில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்தால் அது எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். என் வீட்டுத் தண்ணீர்க் குழாய், கதவுப் பூட்டு, மனுசியின் தையல் மெசின் எல்லாம் அவன் கை பட்டவை. ஆனால் கதைபேச்சு மிகக் குறைவு. பெர்மெசோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க ஒரு வேலை ஒப்பந்தம் தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்தது அந்தத் திடல் வேலை. வெடிச்சத்தத்துக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்தவன் வெடிச்சத்தத்துக்கு நடுவில் போய்க் குந்தியிருக்கிறான் என்று நான் பகிடி பண்ணுவேன். வேலைதானே அண்ணை என்பான். எனக்கோ துவக்கு, துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அதை ஒரு விளையாட்டு என்று சொல்லிக் காசு கட்டிச் சுடுகிறவர்களை நான் இன்றைக்கும் மதிப்பதில்லை.

அங்கே நடப்பது நின்ற இடத்தில் நின்று வட்டத்தைச் சுடுகிற போட்டி அல்ல. ஓடவேண்டும், குனியவேண்டும், பலகைச் சுவர்களின் இடுக்கால் பார்த்து அட்டைகளை வேகமாகச் சுடவேண்டும். எத்தனை செக்கன், எத்தனை புள்ளி என்பதில்தான் வெற்றி. ஒருவர் சுட்டு முடித்ததும் ஜோக்கிம் போய் அட்டையில் விழுந்த ஓட்டைகளின் மேல் சின்னக் கடதாசித் துண்டுகளை ஒட்டுவான். திரும்பி வரும்போது ஒவ்வொரு அட்டைக்கும் பின்னால் எட்டிப் பார்ப்பான். எல்லோரும் வெளியே வந்தாயிற்று என்று நடுவர் சொன்ன பிறகும் இன்னொரு தரம் போய்ப் பார்ப்பான். இத்தாலியர்களுக்கு அவன் ஜொவாக்கினோ. ஜொவாக்கினோ பேய்களை எண்ணுகிறான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்து வைப்பான்.

அவனுடைய பொறுமையைக் கண்டு நடுவர் சால்வோ அவனைப் பரிசோதனை மேசையிலும் உதவிக்கு வைத்துக்கொண்டார். போட்டி நாளில் பிஸ்ரல் என்கிற கைத்துப்பாக்கி ஒவ்வொன்றும் அந்த மேசைக்கு வரவேண்டும். அங்கே பல பிரிவுகள் இருந்தாலும் அதிகம் பேர் சுடுவது 'புரொடக்சன்' என்கிற பிரிவில். ஆலையிலிருந்து வந்த துவக்கு வந்தபடியே இருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. குறி பார்க்கிற முனையை மாற்றலாம், பிடியில் வழுக்காத பட்டி ஒட்டலாம், உள்ளே சிறிது மினுக்கலாம். கண்ணாடிக் குறி வைக்கக்கூடாது, உதைப்பைக் குறைக்கக் குழல் வாயில் ஒன்றும் பூட்டக்கூடாது. விரலால் இழுக்கிற விசை இவ்வளவுக்கு மேல் இளகவும் கூடாது. அந்த 'இவ்வளவு'தான் ஒரு கிலோ முந்நூற்று அறுபது கிராம்.

அதைப் பார்க்கிற முறை எளிது. வெறும் பிஸ்ரலை வானம் பார்க்கப் பிடித்து, அத்தனை எடையுள்ள கல்லை விசையில் கொளுவி, மேசையிலிருந்து மெல்லத் தூக்கவேண்டும். கல் எழும்பினால் சரி. எழும்ப முதல், குண்டை வெடிக்கவைக்கிற ஊசி உள்ளே 'டிக்' என்று விழுந்தால் பிழை. மூன்று தரம் முயலலாம், ஒரு தரம் எழும்பினாலும் போதும் என்பது விதி. ஜோக்கிமோ முதல் தரமே எழும்பினாலும் மூன்று தரமும் தூக்கிப் பார்ப்பான். ஒவ்வொரு தரமும் காதைக் கிட்டக் கொண்டுபோவான். இவனுக்கு ஏன் இந்த வீண்வேலை என்று சிலர் முணுமுணுப்பார்கள்.

இனி அவன் வீட்டைச் சொல்லவேண்டும். மனைவி புனிதமலரும் பேசாலைதான். ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய எசமானியின், வீட்டில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை. அவளுக்கு ஸ்ரான்லி என்று ஒரு தமையன் இருந்தான். ஜோக்கிமின் கூட்டாளி. பத்தொன்பது வயதில், ஊரில் சண்டை உச்சத்தில் நின்ற நேரம், ஆமிக் காம்ப் பக்கத்திலிருந்து வந்த வெடி பட்டுச் செத்தவன். அவனைத் தோளில் சுமந்துகொண்டு வந்து தாயின் முன்னால் கிடத்தியது ஜோக்கிம். ஐந்து வருடம் கழித்து அந்தத் தாயே தன் மகளை ஜோக்கிமுக்குக் கட்டிக்கொடுத்தாள். மகனைச் சுமந்து வந்தவன் மகளையும் சுமப்பான் என்று சொன்னாளாம்.

தமையனைச் சுட்டவன் நாசமாய்ப் போகவேண்டும் என்று புனிதமலர் சின்ன வயதில் நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. கடைசியில் ஊரில் ஒரு கத்தோலிக்கச் சாமியார், சுட்டவனுக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்று பிள்ளை, மனம் ஆறும் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் திகதியும், மரித்தவர்களின் நாளில், இரண்டு மெழுகுதிரி வாங்குவாள். முதலாவதைத் தமையனுக்காகத் தானே கொளுத்துவாள். சுட்டவனுக்கான இரண்டாவதைக் கொளுத்த அவளுக்குக் கை வராது. நெருப்புப்பெட்டியை ஜோக்கிமிடம் நீட்டி, மற்றதை நீங்கள் கொளுத்துங்கோ என்பாள். கலியாணம் முடித்த வருடத்திலிருந்து அந்த இரண்டாவது மெழுகுதிரி ஜோக்கிமின் வேலை. அவன் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

இந்த ஊரிலும் அந்த நாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. செத்துப்போன உறவுகள் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவார்கள். சீனிப் பொம்மை, பழ உருவில் இனிப்பு, விளையாட்டுச் சாமான். மகள் ஜெசிக்காவுக்கு ஆறு வயதாக இருந்தபோது அந்தச் சிஞ்ஞோரா அவளுக்கும் ஒரு பை கொடுத்துவிட்டார். உள்ளே ஒரு தகரப் பிஸ்ரல். இது எங்களில் செத்த ஆர் கொண்டுவந்தது என்று பிள்ளை கேட்டிருக்கிறது. ஸ்ரான்லி மாமா என்று சொல்லியிருக்கிறாள் தாய். ஜோக்கிம் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பிப் போய்விட்டான். மறுநாள் அந்தத் தகரப் பிஸ்ரலை வீட்டில் காணவில்லை. பிள்ளை ஒரு கிழமை அழுதது எனக்குக் கீழே கேட்டது.

அதே பிள்ளைதான் பிறகு ஞாயிறுகளில் தகப்பனோடு திடலுக்குப் போய், கோது பொறுக்கி, சுடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, தானும் சுடவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது. ஜோக்கிம் வேண்டாம் என்றான். ஏன் வேண்டாம் என்று கேட்டாள். காரணம் சொல்லத் தெரியாத தகப்பனை இருபது வயதுப் பெட்டை மதிப்பாளா? உரிமம் எடுத்தாள், பிஸ்ரல் வாங்கினாள். பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்து மிச்சப் பொழுதெல்லாம் பயிற்சி. போன வருடம் இருபத்தாறு வயதில் சிசிலியப் பெண்களில் முன்னுக்கு நின்றாள். ஐப்பசிக் கடைசி ஞாயிறு நடக்கிற போட்டியில் வென்றால் நாட்டின் இறுதிப் போட்டிக்குப் போகலாம். அதற்காகத்தான் புனிதமலர் புட்டும் கோழிக்கறியும் கட்டிக்கொண்டு போனாள். அதற்காகத்தான் என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

காலை ஒன்பது மணிக்கு ஜெசிக்கா மேசைக்கு வந்தாள். தன் மகள் என்பதால் ஜோக்கிம் விலகி நின்றான். சால்வோ கல்லைக் கொளுவித் தூக்கினார். டிக். இரண்டாம் தரமும் டிக். மூன்றாம் தரம் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரிழை மயிரிழையாகத் தூக்கினார். கல் எழும்பியது. வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். சால்வோ சரி என்று எழுதப் பேனையை எடுத்தார்.

நான் அப்போது ஜோக்கிமைப் பார்த்தேன். அவன் மகளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலால், தூரத்தில் நின்ற அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சால்வோவிடம் பிஸ்ரலைக் கேட்டு வாங்கினான். வெறுமையா என்று பார்த்தான். ஊசியை ஏற்றினான். வானம் பார்க்கப் பிடித்தான். விசைக்குப் பக்கத்திலே விரல் போகவில்லை. மற்றக் கையால் பிடியின் அடியில் ஒரு தட்டுத் தட்டினான்.

டிக்.

இன்னொரு தரம் ஏற்றித் தட்டினான். அதே டிக்.

"பப்பா, மூண்டாம் தரம் எழும்பினதுதானே. விதிப்படி சரி," என்றாள் ஜெசிக்கா.

"விதிப்படி சரி பிள்ளை. துவக்குச் சரியில்லை."

விசையைத் தொடாமல் ஊசி விழுகிற துவக்கு எந்தப் பிரிவிலும் உள்ளே போக முடியாது. சால்வோ எழுதப்போன தாளை மடித்து வைத்தார். விசை இளகும்படி இதை உள்ளே யார் தேய்த்தது என்று கேட்டார். தான்தான் என்றாள் ஜெசிக்கா. கைத்தொலைபேசியில் படம் பார்த்து, சமையலறையில் தாயின் கத்தி தீட்டுகிற கல்லிலே தேய்த்தாளாம். ஒருவர் தன்னுடைய பிஸ்ரலைத் தருவதாகச் சொன்னார். கை பழகாத துவக்கோடு போய்ச் சிரிப்புக்கு இடமாகமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் கார் நிறுத்துகிற இடத்துக்கு நடந்தாள். எனக்கும் ஜோக்கிமில் கோபம்தான். ஒரு கண் மூடியிருந்தால் ஒரு வருட உழைப்பு மிஞ்சியிருக்குமே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

புனிதமலர் காரின் பின்கதவைத் திறந்து சாப்பாட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்திருந்தாள். சமாதானம் பண்ணச் சோற்றையும் கறியையும் விட்டால் எங்கள் பெண்களுக்கு வேறு வழி தெரியாது. ஜோக்கிம் வந்தான். சாப்பிடக் குந்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நீங்கள் என்னை வெறுக்கிறியள். அந்தத் தகரத் துவக்கை எறிஞ்ச நாளிலையிருந்து எனக்குத் தெரியும்," என்றாள் ஜெசிக்கா.

"இல்லை. நீ தேய்ச்ச அதே இடத்தை நானும் ஒருக்காத் தேய்ச்சனான். கையிலை எடுத்த உடனை தெரிஞ்சுது." பிறகு மனைவியின் பக்கம் திரும்பினான். "மலர், ஸ்ரான்லியைச் சுட்டது காம்ப் இல்லை."

முப்பத்தாறு வருடத்துக் கதையை அவன் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டான். பட்டறைக்கு ஒரு நாள் ஒரு ஆயுத இயக்கக்காரன் பிஸ்ரல் ஒன்று கொண்டுவந்தான். விசை இறுக்கம், இளக்கித் தா என்றான். மாட்டேன் என்று சொல்லக்கூடிய காலம் அல்ல. ஆனால் அதை மட்டும் சொல்லி ஜோக்கிம் தப்பிக்கப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வயது, தன் கைவேலையைக் காட்ட ஒரு ஆசையும் இருந்தது என்றான். இரண்டு நாள் கல்லில் தேய்த்தான். ஈ குந்தினாலும் விழும் என்று சொல்லிப் பெருமைப்பட்டான். குண்டு ஏற்றிப் பார்க்கவேண்டும் என்று வந்தவன் ரவையும் விட்டுவிட்டுப் போயிருந்தான். அது துவக்குக்குள் ஏற்றியபடியே இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போகும்போது ஸ்ரான்லியும் கூட வந்தான். பிஸ்ரலை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளின் முன்பாரில் ஏறிக் குந்தினான். சைக்கிளை மிதித்து ஓடியது ஜோக்கிம். மதகடியில் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தது. ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை. ஒரே ஒரு வெடி.

பிஸ்ரலைத் தண்ணீருக்குள் எறிந்துவிட்டுக் கூட்டாளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். தாய் கேட்டபோது காம்ப் பக்கத்தால் வந்தது என்று வாயில் வந்தது. அந்த நாட்களில் அதை இரண்டாம் தரம் சொல்லவேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

"நான் இளக்கின துவக்கு. நான் ஓடின சைக்கிள்," என்றான் ஜோக்கிம். "இண்டைக்கும் நான் ஒட்டுற அட்டைக்குப் பின்னாலை சைக்கிளோடை நிக்கிறான். வெடிக்க முதல் போய்ப் பார்க்காட்டி எனக்கு மூச்சு வராது."

புனிதமலர் திறந்து வைத்த பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடினாள். மூடியை அழுத்தி அழுத்திப் பார்த்து மூடினாள். பையில் அடுக்கினாள். காரின் பின்னால் ஏறி, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். அந்த அரை மணி நேரப் பயணத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பலெர்மோவின் முதல் சிவப்பு விளக்கில் கார் நின்றபோது அவள் கேட்டாள்.

"அவன் கடைசியா என்ன சொன்னவன்?"

ஸ்ரான்லி சாகும்போது மாதாவே என்று சொன்னான் என்றுதான் இத்தனை வருடமும் வீட்டுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஜோக்கிம் முன்னால் இருந்து திரும்பாமலே பதில் சொன்னான்.

"அம்மாட்டைச் சொல்லாதை எண்டவன்."

விளக்குப் பச்சையாகியும் ஜெசிக்கா காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் கோர்ண் அடிக்கத் தொடங்கினார்கள்.

"அம்மா செத்துப் பதினொரு வரியம்," என்றாள் புனிதமலர்.

அந்தக் கிழமை முழுதும் என் தலைக்கு மேலே சத்தமில்லை. கதிரைச் சத்தம்கூட இல்லை. தாய் நேரத்துக்குச் சமைத்தாள், நேரத்துக்குச் சாப்பாட்டுக் கோப்பை வைத்தாள், தகப்பனோடு கதைக்கவில்லை என்று ஜெசிக்கா வந்து சொன்னாள். அவளுடைய கோபம் எங்கேயோ போய்விட்டது. தேய்த்த உறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆலையில் வந்ததையே திரும்பப் பூட்டியிருந்தாள். அந்தத் தகரப் பிஸ்ரலை எண்ணித்தான் அழுதாள். மாமா கொண்டுவந்தது என்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சொன்னவளாம்.

வியாழக்கிழமை நான் படி கழுவிவிட்டு வரும்போது ஜோக்கிம் என் வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. திடலில் அன்றைக்கு அட்டைகளுக்குப் பின்னால் பார்த்தானாம். அங்கே யாரும் இல்லையாம். நல்லதுதானே, சொன்னதும் போய்விட்டான் பார் என்று நான் ஆறுதலுக்குச் சொன்னேன்.

"போகேல்லை அண்ணை. வீட்டை வந்திட்டான். சாப்பாட்டு மேசையிலை மலருக்குப் பக்கத்திலை இருக்கிறான். இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்க்கினம்."

நான் சைவ சமயக்காரன், ஆவி பேய் என்று யாராவது சொன்னால் வாதம் பண்ணுகிறவன். அன்றைக்கு வாதம் பண்ண மனம் வரவில்லை.

கார்த்திகை இரண்டாம் திகதி ஞாயிறாக வந்தது. இந்த முறை தனக்குக் கோயில் இல்லை என்று ஜோக்கிம் சேர்ட்டும் மாற்றாமல் இருந்தானாம். பத்து மணிக்குப் புனிதமலர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்று, வெளிக்கிடுங்கோ என்றாளாம். ஒரு கிழமைக்குப் பிறகு அவனோடு பேசிய முதல் சொல் அது. படியில் என்னைக் கண்டதும் நீங்களும் வாங்கோ அண்ணை என்றாள். போனேன். எங்கள் தமிழ்ப் பூசை நடக்கிற கோயிலில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. கல்லறைகள் எல்லாம் ஊரில் கிடக்க, எங்கள் ஆட்கள் சிலுவையடியில் ஒரு நீட்டுத் தகரத் தட்டில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். ஒவ்வொரு திரிக்கும் ஒரு பெயர் சொல்வார்கள்.

பூசை முடிந்து நாலு பேரும் அந்தத் தட்டடிக்குப் போனோம். புனிதமலர் கைப்பையிலிருந்து மெழுகுதிரிகளை எடுத்தாள். நான் எண்ணிப் பார்த்தேன். இரண்டு. முதலாவதைக் கொளுத்தி, ஸ்ரான்லி என்று சொல்லி நட்டாள். இரண்டாவதையும் பக்கத்தில் நட்டாள்.

முப்பது வருடப் பழக்கம். ஜோக்கிமின் கை தானாக நெருப்புப்பெட்டிக்கு நீண்டது. நீண்ட பிறகுதான் அவனுக்கே விளங்கியிருக்கவேண்டும். கை பாதியில் நின்றது. புனிதமலர் பெட்டியைக் கொடுக்கவில்லை.

"விடுங்கோ," என்றாள். "இவ்வளவு நாளும் ஆரெண்டு தெரியாமல் உங்களிட்டைத் தந்தனான். இனி நானே கொளுத்துறன்."

குச்சியைத் தட்டினாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதைத் தட்டி, கையால் மறைத்து, திரியில் பிடித்தாள். அது பற்றும்வரை குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எல்லோரும் சொல்வதுபோல் அவளும் பெயர் சொன்னாள். ஜோக்கிம் என்றாள்.

மன்னித்துச் சொன்னாளா, செத்தவர்களோடு சேர்த்துச் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கிற துணிவும் இல்லை. அவளும் ஜெசிக்காவும் வெளியே போய்விட்டார்கள். ஜோக்கிம் மட்டும் அந்தத் தட்டுக்கு முன்னால், தன் பெயரில் எரிகிற மெழுகுதிரியைப் பார்த்தபடி, அது முடியும்வரை நின்றான்.